காலாங் எரிவாயுத் தொட்டி கற்பித்த பாடம்

தேக்காவிலிருந்து லவெண்டர் வட்டாரத்தைக் கடந்து காலாங் சாலையை அடைந்தால், நூறாண்டுக்கும் மேலாக எரிவாயு ஆலை இயங்கிய இடத்தை நாம் காணலாம். 1862இல் எழுந்த அவ்வாலையின் எரிவாயுவைக் கொண்டு, 1864 மே 24ஆம் நாள் நகரத் தெருவிளக்குகள் முதன்முறையாக ஏற்றப்பட்டன. 1901இல் நகராட்சி அதனை வாங்கியது. 1998இல் ஆலை மூடப்பட்டது. சீன மக்கள் அப்பகுதியைத் 'தீ நகரம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

இத்தகைய ஆலைகளில் எரிவாயுவைச் சேமித்த தொட்டி, வாயு விதிகளைக் கண்முன் காட்டும் கருவியாகும். நீர் நிறைந்த தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த பெரும் இரும்புக் கலம் மிதக்கும். எரிவாயு உட்புகுந்தால் கலம் உயரும். நகரம் அதனைச் செலவிட்டால் தாழும். கலத்தின் எடை மாறாததால் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமும் ஏறத்தாழ மாறாது. பருமன் மட்டுமே மாறும்.

வெயில் ஏறினாலும் கலம் உயரும். வெப்பநிலை 27 டிகிரி செல்சியசாக இருக்கையில் வாயுவின் பருமன் 300 கன மீட்டர் எனக் கொள்வோம். கெல்வின் அளவில் அது 300. வெப்பநிலை 36 டிகிரிக்கு உயர்ந்தால், அதாவது 309 கெல்வினானால், பருமன் 309 கன மீட்டராகும். புதிதாக வாயு எதுவும் சேராமலே கலம் மேலெழும். 1787இல் சார்லஸ் ஆராய்ந்து, 1802இல் கே-லுசாக் வெளியிட்ட விதி இதுவே. வெப்பநிலை மாறாதபோது பருமனைப் பாதியாக்கினால் அழுத்தம் இருமடங்காகும் என்பதைப் பாயில் 1662லேயே வெளியிட்டிருந்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்துபவர், விரலைத் தள்ளும் விசையாக அதனை உணரலாம்.

இவ்விதிகளைத் தமிழில் சொல்வதற்குச் சொற்பஞ்சம் இல்லை. தமிழகப் பாடநூல்கள் அழுத்தம், பருமன் என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் அமுக்கம், கனவளவு என்கின்றன. வெப்பநிலை இருநாட்டாருக்கும் பொது. சிங்கப்பூரிலும் தமிழ்வழிக் கல்வி இருந்தது. 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைக் கல்வியைத் தொடங்கியது. மாணவர் குறைந்ததால் 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியானது. அதனால் உலகக் கல்விக்கும் வேலைக்கும் வழி திறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அழுத்தம் என்னும் சொல்லை மனவழுத்தத்திற்கு மட்டுமே பயன்படுத்தும் தலைமுறை ஒன்று உருவாகிவருவதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ் வகுப்பு அறிவியல் வகுப்பாக மாற வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் கற்ற ஒரு விதியைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் விளக்கச் செய்தாலே போதும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார். பொருளை உணர்ந்தவர் தம் சொற்களில் சொல்வார். காலாங் ஆற்றங்கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், "அன்று நண்பகலில் இரும்புக் கலம் ஏன் உயர்ந்தது?" என்று தமிழில் கேட்கட்டும். மாணவர் தமிழில் தரும் விடையில் மொழியும் அறிவியலும் ஒருங்கே வளரும்.