உரைகல்லும் சொட்டுக் குப்பியும்

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத்தில் கைக்குழந்தை உள்ள பல வீடுகளில் இரண்டு மருந்துகள் ஒரே அலமாரியில் இருக்கும். ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு. கூடவே அவற்றை இழைக்க ஓர் உரைகல். மற்றொன்று, புதன்கிழமை ஊசி போட்ட அன்று வந்து சேர்ந்த பாராசிட்டமால் சொட்டு மருந்து. முன்னது பாட்டியின் கட்சி, பின்னது நர்ஸம்மாவின் கட்சி என்று பிரித்துப் பேசுவது வழக்கம். அழும் குழந்தைக்குக் கொடுக்கலாமா, பொறுக்கலாமா என்று தவிக்கும் வேளையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கட்சிப் பிரிவினை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

அளவிலிருந்து தொடங்கலாம். உரைகல்லின் அளவு இழைப்பு: சுட்ட வசம்பு இத்தனை சுற்று, கடுக்காய் இத்தனை சுற்று என்று குழந்தையின் மாதத்துக்கு ஏற்பக் கூட்டுவார்கள். குப்பியின் அளவு எடை: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. முன்னது கைப்பழக்கம், பின்னது கணக்கு என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். ஆனால் காய்ந்து இறுகிய கடுக்காயும் புதுக் கடுக்காயும் ஒரே சுற்றில் ஒரே அளவு கரைவதில்லை என்றால், ஒரு மில்லி பாராசிட்டமாலும் இன்னொரு மில்லி பாராசிட்டமாலும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி.; பரவலாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி., அதாவது மில்லிக்கு 25. சிரப்பின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு சொட்டுக் குப்பியிலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். 500 மி.கி. மாத்திரையைக் கால் பங்காக உடைத்துக் கரைத்தாலோ 125 மி.கி.; நாலரைக் கிலோ குழந்தைக்கு அது ஏறத்தாழ இருமடங்கு. இருந்தும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. குப்பியின் தவறை லேபிளைப் படித்துக் கண்டுபிடிக்கலாம். உரைகல்லின் தவறுக்குத் தடயமே இல்லை. சித்த மருத்துவத்தில் இதே வகைச் சரக்குகளை உரை மாத்திரையாக உருட்டித் தருவது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முன்கூட்டியே கொடுப்பவர்கள் உண்டு. வாரந்தோறும் தலைக்கு ஊற்றிய பிறகு உரை மருந்து. ஊசி போட்ட கையோடு, காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால். 2009இல் ‘லான்செட்’ இதழில் வந்த செக் நாட்டு ஆய்வு, 459 குழந்தைகளிடம் இதைப் பார்த்தது. முன்கூட்டியே கொடுத்தபோது காய்ச்சல் குறைந்தது. சில தடுப்பூசிகளுக்கான எதிர்ப்பொருளின் அளவும் சேர்ந்தே குறைந்தது. உரை மருந்துக்கு இப்படியொரு கணக்கை நான் கண்டதில்லை.

இரண்டுக்கும் இடையிலான எதிர்பாராத உறவு மருந்தில் இல்லை. அது கரையும் பொருளில் இருக்கிறது. சித்த மருத்துவம் அதை அனுபானம் என்று தனியே கவனிக்கும். இழைத்ததைத் தாய்ப்பாலில் குழைத்தால் ஒன்று, தேனில் குழைத்தால் வேறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது; அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சைக் குடலில் முளைத்து நஞ்சாகும். இனி மறுபக்கம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப், பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் பாராசிட்டமாலும் உண்டு. கொன்றது பாராசிட்டமால் அல்ல. தமிழ்நாட்டுச் சோதனையில் 48.6 சதவீதம் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான். பாட்டி சரக்கை முகர்ந்து பார்ப்பார், நாம் மருந்தின் பெயரைப் படிப்போம். குழைக்கும் பொருளை இரு தரப்பும் பெரும்பாலும் கேட்பதில்லை.

கொடுப்பதற்கு முன் எழும் கேள்விக்கு வருவோம். பாட்டியின் வரிசை தெரிந்ததே: பசியா, துணி ஈரமா, ஏப்பம் விடவில்லையா, எறும்பு கடித்ததா, அரைஞாண் இறுக்குகிறதா, கால்விரலில் முடி சுற்றியிருக்கிறதா, பிறகு தோளில் போட்டுத் தட்டிப் பார்ப்பது, தூளியில் ஆட்டிப் பார்ப்பது. 1997இல் மிச்சிகனில் உருவான ‘ஃப்ளாக்’ வலி அளவுகோல் முகம், கால்கள், அசைவு, அழுகை ஆகிய நான்கோடு ஐந்தாவதாகக் கேட்பது, தேற்றினால் தேறுகிறதா என்பதை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். தூளிக்கு மதிப்பெண் தாள் கிடையாது, அவ்வளவுதான். இதில் பாட்டிக்கு ஒரு முந்துரிமைகூட உண்டு. பச்சைக் குழந்தைக்கு வலி முழுதாகத் தெரியாது என்று நம்பி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை செய்த காலம் 1980கள் வரை இருந்தது. இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகளே அந்த நம்பிக்கையை அசைத்தன. உரைகல் வீடுகளில் அப்படி யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் வலியை ஒப்புக்கொள்வது வேறு, அதன் இடத்தைக் கண்டறிவது வேறு. ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று சேலையில் கிடத்தி உருட்டும் வழக்கம் இப்போதும் உண்டு. மருத்துவரும் ஒரு கையைப் பிடித்துத் தூக்கியதால் முழங்கை எலும்பு நழுவிய குழந்தைகளைப் பார்க்கிறார். பக்குவமாகத் திருப்பினால் சற்று நேரத்தில் அந்தக் கை பொம்மையை எட்டிப் பிடிக்கும். இரண்டிலும் மருந்து முதன்மையன்று. மருத்துவர் தொடுவது ஒரு மூட்டை மட்டும், சேலை உருட்டுவதோ முழுக் குழந்தையை; இந்த இடத்தில் நான் நடுநிலை வகிக்க மாட்டேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியசைத் தொட்டாலும், பச்சை வாந்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பால் குடிக்க மறுத்தாலும் கல்லையும் குப்பியையும் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவதில் ஒப்பாய்வுக்கே வேலையில்லை.

ஊசி வலிக்குக் குப்பிதான் என் தேர்வு. காரணம் தெரிகிறது, கொடுத்ததன் பலனைச் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். காரணம் தெரியாத அந்தி அழுகைதான் இரண்டையும் ஏமாற்றுகிறது. குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமாக உச்சத்துக்குப் போய், அதன்பின் தானே இறங்கியது. நம் தடுப்பூசி அட்டவணையில் பென்டாவேலன்ட் முதல் தவணை அதே ஆறாவது வாரம், மூன்றாவது பதினான்காவது வாரம். அழுகை உச்சியில் இருக்கும்போது தொடங்கிய எந்த மருந்தும் மூன்றாம் ஊசிக்குள் பலித்ததாகவே தோன்றும். ஒரு வீடு உரைகல்லைப் புகழும், இன்னொரு வீடு குப்பியைப் புகழும். ஒன்றும் கொடுக்காமல் தோளில் போட்டு நடந்த வீட்டிலும் அழுகை அதே மாதத்தில்தான் அடங்கியிருக்கும்.