கருக்கலைப்பு

கரு + கலைப்பு. மேகம் தானாகக் கலையும். ஆட்சியை யாரோ கலைப்பார்கள். இரண்டுக்கும் வேர் 'கலை'தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'கலஞ்சிருச்சு' என்றால் ஆறுதல் சொல்ல வருவார்கள். 'கலைச்சுட்டா' என்றால் குரலைத் தாழ்த்துவார்கள். அதனால் கலைத்ததையும் கலைந்ததாகவே சொல்லிவிடுவதுண்டு. 'சுத்தம் பண்ணினது', 'டி அண்ட் சி' என்பவையும் இந்தப் பூசிமெழுகல்தான்.

தானாக நேர்வதைக் 'கருச்சிதைவு' என்று தனியே பிரிப்பது ஏட்டு வழக்கு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவோ கருச்சிதைவு செய்விப்பதையே குற்றமாக்கியது; கர்ப்பிணியே செய்துகொண்டாலும் குற்றம்தான். சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையால் வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், வரம்புகளோடு மருத்துவர் செய்வதற்கு விலக்குத் தந்தது. 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கருக்கலைப்பை உரிமையாக்கிய அமெரிக்காவின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பு அதற்கு அடுத்த ஆண்டுதான். அது 2022 ஜூனில் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில், 20 முதல் 24 வாரம் வரையிலான கருவைக் கலைக்கும் சலுகை மணமாகாதவருக்கும் உண்டு என்றது நம் உச்ச நீதிமன்றம்.

இந்தச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்குப் பொதுவாக அவர் சம்மதம் போதும். ஆஸ்பத்திரிகளில் கேட்கும் வீட்டுக்காரர் கையெழுத்து சட்டத்தில் இல்லை.