ஆகாது என்பவருக்கு ஐந்து காசு



கோயில் திருவிழாவுக்குக் குடும்ப வரி எவ்வளவு என்று பேசக் கூடுகிறோம். ஒருவர் எதைச் சொன்னாலும் இன்னொருவர் "ஆகாது" என்கிறார். எதுதான் ஆகும் என்று அவர் சொல்வதில்லை. இத்தொல்லை இன்று பிறந்ததன்று. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு விதி செய்த ஊர் ஒன்று உண்டு.

திருநெல்வேலியை அடுத்த மானூரே அது. அவ்வூர்க் கோயிலில் பாண்டியன் மாறன் சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டினது. ஊர்ச் சபை கூடி, யார் சபையில் பேசலாம் என்று வரையறுத்தது. கொண்டுவரும் ஒவ்வொன்றையும் மறுத்துக் காரியத்தைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதித்தது. அவருக்குத் துணைநின்றவருக்கும் அதே ஐந்து காசு! இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுப்புச் சொன்னவருக்கெல்லாம் தண்டமில்லை. எதற்கெடுத்தாலும் மறுத்தவருக்கே தண்டம்.

ஆனால், அது நிலப்பங்கும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. வயலில் இறங்கி உழைத்தவருக்கு அங்கே பேச இடமில்லை. ஆகவே தண்டத்தை நாம் கடன் வாங்க வேண்டாம். "சரி, உங்கள் வழி என்ன?" என்று தலைவர் கேட்டால் போதும். பின்னால் நிற்கும் பெண்களையும் அவர் கேட்க வேண்டும். வரிப்பணம் எந்தச் செலவிலிருந்து குறையும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

கூட்டத்தை முடிப்பது எப்படி? காஞ்சிபுரம் வட்டாரத்து உத்திரமேரூரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் அங்குள்ளன. வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடத்திலிருந்து சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுவர் ஐந்து விரலும் அகல விரித்து அதை வாங்கிப் பெயரை வாசிப்பார். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதை மறுபடி வாசிப்பர். பிறகே எழுதிக்கொள்வர். மறைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இரவு பதினொரு மணிவரை பேசிக் கலைந்தோம். மறுநாள் பால்மரக் காட்டில் ஒருவர் வரி பத்து வெள்ளி என்றார். மற்றவர் பதினைந்து என்றார். இரண்டு குடும்பங்கள் அவ்வாண்டுத் திருவிழாவுக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு, கலையுமுன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியை எழுப்பிக் குறிப்பேட்டை உரக்க வாசிக்கச் செய்தேன். பாதியிலேயே ஒரு பெரியவர், "பாப்பா, நில். நான் ஒத்துக்கொண்டது பந்தல் மட்டும்தான், விளக்குச் செலவு இல்லை" என்றார். அங்கேயே அடித்துத் திருத்தினோம்.