காய்ச்சிய தோலும் பதிந்த ஒலியும்

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தப்பு என்ற தோல் மேளத்தை அடிக்குமுன் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார்கள். இசை எழுதும் மென்பொருளான டோரிக்கோவில் ஒரு ஸ்கோரை ஒலிக்க வைக்குமுன், பதிந்த கருவி ஒலிகளின் தொகுப்பான சாம்பிள் லைப்ரரியை இணைத்து, ஸ்கோரின் குறிகளை அந்த ஒலிகளோடு பொருத்தும் எக்ஸ்பிரஷன் மேப்பைச் சரிபார்க்கிறார்கள். ஒன்று ஹட்டனில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்து வேலை, மற்றது கணினி மேசை வேலை. இரண்டிலும் இசைக்கு முன்பே பாதி இசை தீர்மானமாகிவிடுகிறது.

வயலின் வரியில் ஒரு சுரத்தின் மேல் 'பிட்ஸ்' என்று குறித்தால், மென்பொருள் காதுக்குக் கேட்காத ஒரு தாழ்ந்த விசையை லைப்ரரிக்கு அனுப்புகிறது. 'கீ ஸ்விட்ச்' எனப்படும் அந்த விசை கிடைத்ததும் வில்லோசை போய் விரலால் மீட்டும் ஒலி வருகிறது. கருவி மாறவில்லை, பேச்சு மாறிவிட்டது. தப்பிலும் அதே தோல், அதே இரு குச்சிகள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு முன்பெல்லாம் ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு வேறோர் அடி. சில அடிகளிலேயே லயத்திலுள்ளவர்களுக்குச் செய்தி புரிந்துவிடும். ஆனால் கீ ஸ்விட்ச் மாற்றுவது தனியொரு ஒலியின் தன்மையை. சந்தர்ப்பம் மாற்றுவது அடிகளின் வரிசையை.

என்னை அதிகம் வியக்க வைப்பது இன்னொன்று. பதிந்த ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத்தனம் உடனே காதில் உறுத்தும். அதனால் ஒரே சுரத்தைப் பலமுறை வாசித்துப் பதிந்து, முறைவைத்து ஒலிக்க விடுகிறார்கள். 'ரவுண்ட் ராபின்' என்பது அதுதான். தப்புக்காரருக்கு இந்த ஏற்பாடு வேண்டியதில்லை. நுவரெலியாப் பனியில் தோல் ஈரம் உறிஞ்சித் தளர்ந்துகொண்டே போகும், நாதம் இறங்கும், மீண்டும் தீயருகே கொண்டுபோவார்கள். லைப்ரரி பாடுபட்டுச் சேர்க்கும் வேறுபாடு இங்கே வானிலையோடு வருகிறது.

முன்னறிதலிலும் மென்பொருளும் தப்புக்காரரும் வேறுபடுகிறார்கள். ஸ்கோரை ஒலிக்க வைக்கும் நோட்பெர்ஃபார்மர் என்ற மென்பொருள் சுமார் ஒரு நொடி முன்னதாகவே ஸ்கோரைப் படித்து, வரும் சொற்றொடருக்கேற்ப இப்போதைய சுரத்தை வளைக்கிறது. எல்லாம் எழுதியிருப்பதால் அது முடிகிறது. மாசியில் ரதி, மதன் கதையை ஆடிக்காட்டும் காமன் கூத்தில் தப்பு அடிப்பவருக்கு அந்தக் கதை முழுதும் தெரியும். அடுத்த கணம் ஆடுபவரின் கால் எங்கே விழும் என்பது தெரியாது. அந்தக் காலைப் பார்த்தே அடிக்கிறார்.

எழுத்தைப் பற்றிச் சொன்னால், மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் 1983இல் நூலாயின. சொற்கள் அச்சேறிய அளவுக்குத் தப்பின் அடிகள் ஏறவில்லை; அவை பெரும்பாலும் கைவழியே வருகின்றன. இன்று எழுத வழியிருக்கிறது: டோரிக்கோவில் தாளக் கருவிகளுக்கான பெர்கஷன் மேப்பில் எந்தக் குச்சி, தோலின் நடுவா விளிம்பா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு விசை ஒதுக்கலாம். ஒலிதான் இல்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் டிம்பனி உண்டு, தப்பு கிடையாது. நாமே பதிய வேண்டும்.

பதிவதானால் கொழும்பு ஸ்டூடியோவின் உலர்ந்த அறையில் வேண்டாம் என்பேன். தீயும் பனியும் உள்ள முற்றத்திலேயே காய்ந்த தோலை ஒருமுறையும் தளர்ந்த தோலை ஒருமுறையும் பதிந்து, இரண்டையும் இரு கீ ஸ்விட்சுகளில் வைக்கலாம். எப்போது எதற்கு மாறுவது என்பதை மட்டும் தப்பு அடிப்பவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்கோரில் குறிக்க வேண்டும்.