டாக்டர் ஆவதற்கு முந்தைய நாலு வருஷம்: கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சரித்திரம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நேராக மருத்துவக் கல்லூரிக்குள் போய்விட முடியாது (சில கூட்டுப் படிப்புகள் விதிவிலக்கு). முதலில் நாலு வருஷம் ஏதாவது ஒரு பட்டம். பிறகுதான் நாலு வருஷம் மருத்துவம். அதற்கும் பிறகு ரெசிடென்சி என்கிற பயிற்சி. அந்த முதல் நாலு வருஷத்துக்குத்தான் 'ப்ரீ-மெட்' என்று பெயர். இது தனிப் பட்டம் கிடையாது. உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை எழுதிவிட்டால் போதும், பட்டம் எதில் வேண்டுமானாலும் வாங்கலாம். காமர்ஸ் மாதிரி பாடத்தில் பட்டம் வாங்கிக்கூட டாக்டர் ஆகலாம். நம் வகுப்பில் சிலர் பெருமூச்சு விடுவது கேட்கிறது :-)

நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி வீட்டில் போன வருஷம் முழுக்க இதே பேச்சுதான். பெண்ணுக்கு டாக்டர் ஆக ஆசை. பெயர் பெற்ற ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது, சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரியிலும் கிடைத்தது. எதில் சேர்வது? சித்தப்பா கட்டணத்தைப் பார்க்கிறார், சித்தி பெயரைப் பார்க்கிறார். எனக்கு வேறு ஒரு கேள்வி வந்தது. இப்படி ஒரு கேள்வியே எப்படி உண்டானது? தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குறைந்த கட்டணம் எங்கிருந்து வந்தது?

1862. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜஸ்டின் மோரில் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் காங்கிரஸில் எத்தனை உறுப்பினர்கள் உண்டோ, அந்தக் கணக்கில் தலைக்கு 30,000 ஏக்கர் நிலம். அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரியை நடத்த வேண்டும். உழவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நிலத்தின் பெரும்பகுதி செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இலவசம் என்று எழுதிய இடத்தில் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

இப்படி வளர்ந்த மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாநில அரசு வரிப்பணம் கொடுத்தது. வரி கட்டுகிறவர் பிள்ளைக்குக் குறைந்த கட்டணம், வெளி மாநிலத்துப் பிள்ளைக்கு அதிகக் கட்டணம் என்ற பழக்கம் வந்தது. இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில், வெளியிலிருந்து வந்து சேர்ந்த மாணவர் படிப்பு முடியும்வரை வெளியூர்க்காரர்தான் என்று ஒரு சட்டம் இருந்தது. 1973-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் உள்ளூர்க்காரருக்குக் குறைந்த கட்டணம் என்ற ஏற்பாடே தவறு என்று சொல்லவில்லை.

நாலு வருஷம் எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் டாக்டர் ஆவது சுலபம். நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்து மருத்துவப் பள்ளி ஆரம்பிப்பார்கள். மாணவர் கட்டும் பணத்தை அவர்களே பிரித்துக்கொள்வார்கள். உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர்கூடச் சேரலாம்.

1893-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தபோது கதை மாறியது. திறக்கப் பணம் போதவில்லை. மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார், நிபந்தனைகளோடு. ஆண்களைச் சேர்க்கும் அதே விதிப்படி பெண்களையும் சேர்க்க வேண்டும். சேருகிறவர் ஏற்கெனவே பட்டம் வாங்கியிருக்க வேண்டும், அறிவியல் படித்திருக்க வேண்டும். அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர் தன் சகா வெல்ச்சிடம், நல்ல வேளை நாம் பேராசிரியராக உள்ளே வந்தோம், மாணவராக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்ற பொருளில் கிண்டலடித்தாராம்.

அடுத்து வந்தவர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர். அவர் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். கார்னெகி அறக்கட்டளைக்காக அமெரிக்கா, கனடாவில் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளையும் ஆராய்ந்து 1910-ல் அறிக்கை கொடுத்தார். பல பள்ளிகளில் ஆய்வகம் இல்லை, நோயாளியே இல்லை என்று போட்டு உடைத்தார். ஹாப்கின்ஸைத்தான் அளவுகோலாக வைத்தார். கல்லூரிப் படிப்பு குறைந்தது இரண்டு வருஷமாவது வேண்டும் என்றார். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த பள்ளிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறைந்தது.

நல்லதுதானே? நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு அப்போது இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஹோவர்ட், மெஹாரி என்ற இரண்டுதான் கடைசியில் மிஞ்சின. பகலில் வேலை பார்த்து இரவில் படித்த ஏழைப் பையனின் வழியும் அடைந்தது. ஏழைப் பையனுக்கு என்ன வழி என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அவனுக்காகத் தரத்தைக் குறைக்க முடியாது என்பதே ஃப்ளெக்ஸ்னரின் பதில். ஆக, மருத்துவத்துக்கு முன்னால் ஒரு நீண்ட நடைபாதை கட்டப்பட்டது. அதில் நடக்கக் காசு வேண்டும்.

பெயரைத் தாண்டிப் பார்க்க ஒரு தேர்வு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1920-களில் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு தலைவலி. சேர்ந்தவர்களில் சில இடங்களில் 5 சதவீதம் பேர் பாதியில் போனார்கள், சில இடங்களில் 50 சதவீதம் வரை போனார்கள். எங்கெங்கோ படித்துவிட்டு வருகிறார்கள், ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவர் மதிப்பெண்ணோடு எப்படி ஒப்பிடுவது? எஃப். ஏ. மாஸ் என்பவர் முன்னின்று 1928-ல் ஒரு பொதுத் தேர்வைக் கொண்டுவந்தார். இன்றைக்கு 'எம்கேட்' என்று மாணவர்களை நடுங்க வைக்கும் தேர்வின் தாத்தா அதுதான். எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் ஏற்பாடு.

அப்படியென்றால் எல்லாம் நியாயமாகிவிட்டதா? இல்லை. அந்தக் காலத்திலேயே பல தனியார் மருத்துவக் கல்லூரிகள் யூத மாணவர்களுக்கு எழுதாத ஒதுக்கீடு வைத்து, அதற்கு மேல் சேர்க்கவில்லை. ஜோனஸ் சால்க் அந்தத் தலைமுறைக்காரர். குடியேறிய யூதக் குடும்பம், பெரிய வசதி இல்லை. நியூயார்க் நகரம் கட்டணம் இல்லாமல் நடத்திய சிட்டி காலேஜில் படித்து 1934-ல் பட்டம் வாங்கினார். பிறகு, யூதர்களை ஒதுக்காத நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். 1955-ல் அவருடைய போலியோ தடுப்பூசி வந்தது. சிட்டி காலேஜின் அந்த இலவசம் 1976-ல் நகரத்தின் பண நெருக்கடியில் முடிந்துபோனது. இன்னொரு சால்க் வந்தால் முதல் நாளே கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம்

காலேஜ் போர்டு வெளியிட்ட கணக்குப்படி 2024-25-ல் அரசுக் கல்லூரியில் உள்மாநில மாணவருக்குச் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். தனியாரில் 43,350 டாலர். வித்தியாசம் 31,740. நாலு வருஷத்துக்கு 1,26,960 டாலர். சாப்பாடு, விடுதி தனி. பெயர் பெற்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம் இந்தச் சராசரியைவிடவும் அதிகம்.

ஆனால் இது அச்சடித்த விலை. புடவைக் கடையில் எழுதியிருக்கும் விலையும் நாம் கொடுக்கும் விலையும் ஒன்றா? பிரின்ஸ்டன் 2001-லேயே உதவித்தொகையில் கடனை எடுத்துவிட்டு இனாமாகவே கொடுக்க ஆரம்பித்தது. 2025-26 முதல் ஹார்வர்டில் வழக்கமான சொத்துகளோடு ஆண்டு வருமானம் 2,00,000 டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அதாவது ஏழைப் பிள்ளைக்குப் பெரிய தனியார் கல்லூரி அரசுக் கல்லூரியைவிட மலிவாக இருக்கலாம். அடி வாங்குவது நடுவில் இருப்பவர்கள். உதவி கிடைக்காத அளவுக்குச் சம்பளம், கையிலிருந்து கட்ட முடியாத அளவுக்குக் கட்டணம். என் சித்தப்பா மாதிரி.

பெயருக்கு மதிப்பே இல்லையா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள், பிற்காலத்தில் சம்பளத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை. விலக்கு: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி பலன் கொடுத்தது. இது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஆய்வு, டாக்டர்களுக்கு மட்டும் எடுத்தது அல்ல. தனியாரின் சிறிய வகுப்புகளும், எளிதில் கிடைக்கும் ஆய்வக வாய்ப்புகளும் நிஜமான லாபங்கள்தான். அரசுக் கல்லூரியில் முதல் வருட வேதியியலுக்கு நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கலாம், அங்கே மதிப்பெண் சரிந்தால் தூக்கிவிட ஆள் தேட வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாநில மருத்துவக் கல்லூரிகள் சொந்த மாநிலத்தவருக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. அது பொதுவாகக் குடும்பம் எந்த மாநிலத்தில் வசிக்கிறது என்பதைப் பொறுத்தது, பட்டம் எங்கே வாங்கினோம் என்பதை அல்ல.

செலவுக் கணக்கியலில் நாம் முதலில் படிப்பது, ஒரு கட்டத்தின் செலவைத் தனியாகப் பார்க்காதே, மொத்தத்தையும் பார் என்பது. ப்ரீ-மெட் பாதி வழிதான். இன்னும் பெரிய பில் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான். பல மருத்துவக் கல்லூரிகளில் நாலு வருஷச் செலவு இதைத் தாண்டும். முதல் நாலு வருஷத்திலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டால், இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? இன்னொரு கணக்கும் உண்டு. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த வருஷம் இடம் கிடைப்பதில்லை. டாக்டர் ஆகாமல் போனாலும் வட்டி ஓடும்.

ஆகவே, கட்டணத்தில் உதவி போக இரண்டு கல்லூரிக்கும் வித்தியாசம் சொற்பம் என்றால், பெரிய கல்லூரிக்குத் தாராளமாகப் போகலாம். ஒரு லட்சம் டாலர் வித்தியாசம் என்றால் அரசுக் கல்லூரி, கூடவே கடுமையான உழைப்பு. பெயரைத் தாண்டி ஆளைப் பார்க்கத்தான் 1928-ல் அந்தத் தேர்வையே வைத்தார்கள். அதை நம்பி மிச்சம் பிடித்த பணம், கடனுக்குப் பயந்து அதிகச் சம்பளம் தரும் துறையை மட்டும் தேடாமல், பிடித்த துறையில் டாக்டராக இருக்கும் சுதந்திரத்தைக் கொடுக்கும்.

கடைசியாக ஒரு சேதி. 1893-ல் பட்டம் இல்லாமல் உள்ளே வராதே என்று கதவை உயர்த்திய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 2024-ல் மைக்கேல் ப்ளூம்பெர்க் கொடுத்த 100 கோடி டாலரால், 3,00,000 டாலருக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பத்து மருத்துவ மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. அதே வருஷம் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு ரூத் கோட்ஸ்மன் என்ற மூதாட்டி இன்னொரு 100 கோடி டாலர் கொடுத்தார். அன்றும் ஒரு பெண்மணியின் பணம், இன்றும் ஒரு பெண்மணியின் பணம். ஆனால் இத்தனை கல்லூரிகளில் இலவசம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மற்றவர்கள் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடுவோம். அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு இருப்பதால் பதில் மட்டும் தாமதமாக வரும்.