வறுமையை அளக்கக் கற்ற வரலாறு

பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாதிலும் குடியேறி வாழும் நம்முடைய வீட்டு வாயிலில், ஒருநாள் அரசாங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எத்தனை பேர், சென்ற திங்களில் அரிசி எவ்வளவு வாங்கினீர்கள், எண்ணெய் எவ்வளவு, துணிக்கு என்ன செலவு, மருந்துக்கு என்ன செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவுகிறார். நமக்கு எரிச்சல் வருவது இயல்பே. "நம் அடுப்பங்கரைக் கணக்கு இவருக்கு எதற்கு?" என்று கேட்கவும் தோன்றும். ஆயினும் அந்த வினாக்களுக்குப் பின்னே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. வறுமையைக் கண்டு இரங்குவது எல்லார்க்கும் இயல்பு. அதை அளப்பதோ கற்றுப் பெறவேண்டிய கலை. அக்கலையை இந்நாடு எவ்வாறு கற்றது, பிறருக்கு எவ்வாறு கற்பித்தது என்பதையே இங்குச் சிந்திக்கப் புகுகின்றோம்.

முதற்கண் நம் நினைவுக்கு வருபவர் தாதாபாய் நவுரோஜி. இந்தியாவின் வறுமையைப் பற்றி 1876-ஆம் ஆண்டில் பம்பாயில் அவர் ஒரு கட்டுரை படித்தார். நாட்டின் விளைவையெல்லாம் கூட்டி மக்கள் தொகையால் வகுத்து, தலைக்கு ஆண்டொன்றுக்கு வருமானம் 20 ரூபாய் அளவே என்று மதிப்பிட்டார். பின்னர், சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கமே எவ்வளவு செலவிடுகிறது என்று பார்த்தார். குற்றம் செய்து சிறை புகுந்தவனுக்கு ஆகும் செலவுகூடக் குற்றமற்ற குடியானவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அக்கணக்கில் வெளிப்பட்டது. எனினும் அவருக்குக் கிடைத்தவை அரசாங்க அறிக்கைகளே. வீடு வீடாகச் சென்று கேட்டறியும் ஆட்களும் இல்லை. அவர்களைப் பழக்கும் பள்ளியும் இல்லை.

அத்தகைய பள்ளி ஒன்றன் தொடக்கத்தை நம் சென்னையிலேயே காண்கிறோம். 1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியக் கிராமம் எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும் நூல்கள் அவர் கைக்கு அதிகம் எட்டவில்லை. ஆகவே மாணவர்களையே ஆசிரியர்களாக்கினார் எனலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி என்ன, கடன் எவ்வளவு, உண்பது யாது என்று அவர்கள் எழுதி வந்தனர். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி முதலிய ஊர்களின் வரலாறு 1918-இல் நூலாக வெளிவந்தது.

தாம் பிறந்த ஊரையே புதிய கண்ணால் நோக்கும்படி அம்மாணவர்க்கு நேர்ந்தது. நாள்தோறும் கடந்து சென்ற சேரித் தெருவில் நின்று, "இங்குள்ளோர் ஆண்டில் எத்தனை நாள் வேலை பெறுகின்றனர்?" என்று முதன்முறையாக வினவ வேண்டியதாயிற்று. குறையும் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் கல்லூரி வரை வந்தவர் பெரும்பாலும் நிலமும் வசதியும் உடைய குடும்பத்தினர். பண்ணையாள் தன் கடனைப் பற்றிப் பண்ணையார் மகனிடம் மனம் விட்டுப் பேசுவானா? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடையும் மாறும் என்ற பாடம் இங்கேயே தொடங்குகிறது. ஆயினும் அன்று ஊன்றிய விதை வீணாகவில்லை. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1936-37இல் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து 1940-இல் நூலாக்கினர். பின்னரும் ஆய்வாளர் பலர் அவ்வூர்களைத் தேடிச் சென்றனர். ஒரே ஊரின் நிலையைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு இதனால் கிட்டியது.

ஏறக்குறைய அதே காலத்தில் பூனாவை அடுத்த பிம்ப்ளா சௌதாகர் என்ற ஊரை ஹெரால்டு மான் ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். இன்று நகர்ப்புறமாகிவிட்ட அப்பகுதியில் நம்மவர் சிலரும் குடியிருக்கலாம். தம் காலடியில் இத்தகைய வரலாறு புதைந்திருப்பதை அவர்கள் அறிந்து மகிழ்வாராக.

ஒரு சில ஊர்களை அறிவது வேறு. ஒரு நாட்டையே அறிவது வேறு. லட்சக்கணக்கான ஊர்களில் வீட்டுக்கு வீடு சென்று செலவுக் கணக்கு எடுப்பது ஆகாத காரியம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது? மேலாக இருப்பதையே எடுத்தால் அடி வேகாதது தெரியாமற் போகும். விருப்பு வெறுப்பின்றி மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்நாட்டில் வளர்த்தவர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். அவர் 1931-இல் கல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், மாநிலக் கல்லூரியின் பௌதிகச் சோதனைச்சாலையை ஒட்டி எளிய முறையில் தொடங்கியது. சணல் விளைச்சலை மாதிரி முறையில் மதிப்பிட்டுப் பழகிய பின், 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பெற்றது.

இங்கேதான் பயிற்சி என்பது பெரும் பணியாக உருவெடுத்தது. பல மொழி பேசும் நாட்டில் ஒரே வினாவை ஒரே பொருளில் கேட்கக்கூடிய ஆய்வாளர்களைப் பழக்க வேண்டியிருந்தது. ஓர் ஊரின் படி அடுத்த ஊரின் படிக்கு ஒவ்வாது. ஓரிடத்துச் சேர் வேறோரிடத்துச் சேருக்கு நிகராகாது. கடையில் வாங்கியதை மட்டும் எழுதினால் போதாது. சொந்த வயலில் விளைந்ததையும், கூலியாகப் பெற்ற தானியத்தையும் மதிப்பிட்டுச் சேர்த்தாக வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் வாழ்வோன் வறியோன் ஆவான். வறியோன் கணக்கிலிருந்தே மறைவான்.

ஆய்வாளர் செய்யும் பிழையை எவ்வாறு கண்டறிவது? மஹலநோபிஸ் ஒரு வழி வகுத்தார். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே தேர்ந்து, இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பினார். இரு கணக்கும் நெருங்கி வந்தால் நம்பிக்கை பிறக்கும். விலகி நின்றால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்று விளங்கும். 1950-இலேயே கல்கத்தாவில் பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையமும் நிறுவப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர் பலர் அங்கு வந்து கற்றுச் சென்றனர். தன் வறுமையை அளக்கக் கற்ற நாடு, பிறர்க்கும் அதைக் கற்பிக்கும் நிலையை அடைந்தது பெருமைக்குரியதே.

கணக்கு வந்தபின் எழுந்த அடுத்த வினா, வறுமைக்கு எல்லை எது என்பது. திட்டக் கமிஷன் தொடர்பில் 1962-இல் கூடிய அறிஞர் குழு, 1960-61 விலைப்படி தலைக்குத் திங்களுக்கு 20 ரூபாய் என்றது. தண்டேகரும் ரத்தும் 1971-இல் உணவின் கலோரியை அடிப்படையாகக் கொண்டு, கிராமத்துக்கு 15 ரூபாயும் நகரத்துக்கு 22 ரூபாய் 50 காசும் என்றனர். 1979-இல் ஒரு வல்லுநர் குழு கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வகுத்தது. பின்னர் டெண்டுல்கர் குழு 2009-இலும், சி. ரங்கராஜன் குழு 2014-இலும் புதிய முறைகளைப் பரிந்துரைத்தன. எல்லையைச் சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் கோடிக்கணக்கானோர் வறியர் ஆவர், அல்லது ஆகாது போவர்.

வினாவின் சொல்லமைப்பே அத்தொகையை மாற்றிவிடும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். நெடுங்காலமாக உணவுச் செலவை 30 நாள் அளவுக்கே கேட்டு வந்தனர். 1990-களின் நடுவில், ஒரு சார் வீடுகளில் உணவுக்கு 7 நாள் அளவும், துணிமணி போன்றவற்றுக்கு ஓராண்டு அளவும் வைத்துச் சோதித்துப் பார்த்தனர். அண்மை நாட்கள் நினைவில் நிற்பதால் உணவுக் கணக்கு உயர்ந்தது. அம்முறையைக் கொண்டால் வறியவர் தொகை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று தெரிந்தது. ஏழையின் சட்டியில் ஒரு பிடி அரிசியும் கூடவில்லை. வினா ஒன்றே மாறியது! 1999-2000 ஆய்வில் இரு கால அளவையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டனர். ஒரு விடை மற்றதைப் பாதித்தது. முந்தைய கணக்குகளுடன் ஒப்பிட இயலாமல் அறிஞரிடையே நெடிய வாதம் எழுந்தது. வினாப்பட்டியல் எழுதவும் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பயிற்சிக்கென நிறுவனங்கள் பல எழுந்தன. சமுதாய வளர்ச்சிக்கான ஆராய்ச்சி நிலையம் 1958-இல் முசூரியில் தொடங்கி, 1965-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னாளில் தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனமாயிற்று. காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் 1949-இல் தில்லிப் பொருளாதாரப் பள்ளியை நிறுவினார். வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்த மால்கம் ஆதிசேஷையா 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மை நேரே தொடும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. தேசிய மாதிரி ஆய்வின் கையேடுகள், நிலையான உறைவிடம் ஏதுமின்றி அலைந்து திரிவோரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று விதித்து வந்துள்ளன. ஆனால் பாலத்தடியிலோ சாலையோரத்திலோ ஓரிடத்திலேயே வழக்கமாகத் தங்குவோரைச் சேர்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இவ்விருவரையும் பிரித்தறிவது யார்? மாலைப் பொழுதில் பாலத்தடிக்குச் சென்று, பொறுமையாகக் கேட்டறியும் அந்த ஆய்வாளர் ஒருவரே. அவர் பழகாதவராயின், அல்லது அம்மக்களின் மொழி அறியாதவராயின், கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்க் குடும்பம் ஒன்று கணக்கில் விழாமலே போகும். கணக்கில் விழாதவர் பசி, திட்டம் தீட்டுவோர் கண்ணில் படுவதும் அரிது.

ஆகவே அந்த அன்பர் வாயிலுக்கு வரும்போது அவரை உள்ளே அழைத்து அமரச் செய்வோம். கூட்டாமலும் குறைக்காமலும் விடை கூறுவோம். பக்கத்துக் குடிசையில் மொழி புரியாது திகைக்கும் நம்மவர் இருப்பின், உடன் சென்று மொழிபெயர்த்து உதவுவோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் இக்கலையைக் கற்க முன்வருவாராயின் நன்று. இரண்டு ஊர்ப் பேச்சும் இரண்டு ஊர் அளவும் அறிந்து வளரும் பிள்ளைகள் அவர்கள். இப்பணிக்கு வேண்டிய முதற்பாடத்தை வீட்டிலேயே கற்றுவிட்டவர்கள் அல்லவா?