தோட்டத்து மாணவனும் வரலாற்றுக் கல்வியும்

1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தேயிலை அவ்வழியே விரைந்து சென்றது. கல்வியோ தோட்டத்துக்கு மெதுவாகவே வந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின்னும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன; 1970களிலேயே அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆதலால், அக்காலத்தில் உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் நிலையை எய்திய லயத்துப் பிள்ளைகள் மிகச் சிலரே.

அந்நிலையை எய்தும் மாணவன் 1817-1818 ஊவாக் கிளர்ச்சியை ஏட்டிற் கற்கிறான். 1940ஆம் ஆண்டு வேவெஸ்ஸத் தோட்ட வேலைநிறுத்தத்தில் முன்னோர் பட்டதும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தன் குடும்பத்துக்கு இழைத்ததும் வீட்டுப் பேச்சாகவே அவனை வந்தடைகின்றன.

வரலாற்றுக் கல்வியின் பயன் ஆண்டுகளை ஒப்புவிப்பதன்று. சான்றை ஆராயும் முறையே. செக்ரோல் ஏட்டிலும் முதியோர் நினைவிலும் எஞ்சிய சான்றுகளை அம்முறையால் அவனே ஆராய்தல் வேண்டும். முதியோர் மறைந்தபின் கேட்பதற்கு எவருமிலர்.